டிரைவ்வேக்கு எந்தப் பனி இயந்திரம்? – வாசகர் கேள்வி பதில்

ஒக்ரோபர் பிறந்ததும் ரொறொன்ரோப் பெரும்பாகக் கடைகளின் முகப்பில் பனி அகற்றும் இயந்திரங்கள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கிவிடும். இம்முறை எமக்கு வந்த கடிதங்களுள் அவை பற்றியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் டிரைவ்வே இரண்டு கார்கள் அருகருகே நிற்கக்கூடிய அகலமும் இரண்டு கார்களின் நீளமும் உடையது, தார் போட்ட தரை. என் கணவருக்கு அறுபது வயது. சென்ற வருடம் இதயத்தில் ஸ்ரென்ற் வைத்த பிறகு, பனி வாருவதற்குச் சவளைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகன் படிப்புக்காக வேறு நகரத்தில் இருக்கிறான். கடையில் விசாரித்தால் சிங்கிள் ஸ்ரேஜ், டூ ஸ்ரேஜ், திறீ ஸ்ரேஜ் என்று அடுக்குகிறார்கள். குதிரைவலுக் கணக்குச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: வானத்திலிருந்து எவ்வளவு பனி விழும் என்பதை வைத்தே பெரும்பாலானோர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதுவன்று. வீதியைத் துப்பரவு செய்யும் நகராட்சி வாகனம் உங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிவரப்பையே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் டிரைவ்வே ஏறத்தாழ 6 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் இருக்கும். அதாவது 72 சதுர மீற்றர். அதன்மேல் 20 சென்ரிமீற்றர் பனி பெய்தால் 14 கன மீற்றருக்குச் சற்று மேல் சேரும். புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்த எடை 1,400 கிலோவைத் தாண்டும். இனி வரப்பைப் பாருங்கள். ஒரு மீற்றர் தடிப்பும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டு உங்கள் வாசலின் 6 மீற்றர் அகலத்தையும் அது அடைத்துக் கிடக்கிறது என்றால், அளவு இரண்டரைக் கன மீற்றர்கூட இல்லை. ஆனால், வாகனத் தகட்டால் நசுக்கப்பட்டு, உப்பு நீரும் பனிக்கட்டியும் கலந்த அந்தக் குவியல் கன மீற்றருக்கு 400 கிலோ வரை கனக்கக்கூடும். ஆக, டிரைவ்வேயில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்தில் 960 கிலோ எடை. இயந்திரங்கள் மூச்சடைத்து நிற்பதும், மனிதர்கள் நெஞ்சைப் பிடிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்போது வகைகளுக்கு வருவோம். ஒற்றைக் கட்ட இயந்திரத்தில், ரப்பர் விளிம்பு பொருத்திய துடுப்பு ஒன்று வேகமாகச் சுழன்று, பனியை வாருவதும் எறிகுழல் வழியாக வெளியே வீசுவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் தானே செய்கிறது. ரப்பர் தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால் தார்த்தரை துடைத்ததுபோல் வெளியே தெரியும், எடை குறைவு, கராஜில் சிறிய மூலை போதும். 15 அல்லது 20 சென்ரிமீற்றர் வரையான இலகு பனிக்கு இது நல்ல இயந்திரம். ஆனால் இறுகிய வரப்பின்மேல் கொண்டுபோனால் அது முன்னால் ஏறித் துள்ளும், அல்லது மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு நின்றுவிடும். நீங்கள்தான் உடல்பலம் கொண்டு தள்ள வேண்டியிருக்கும்.

இரு கட்ட இயந்திரத்தில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னால் மெதுவாகச் சுழலும் உலோகத் திருகுகள் பனியை உடைத்து நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் இருக்கும் விசிறி அதை வேகமாகத் தூக்கி எறியும். சக்கரங்களை எஞ்சினே உருட்டுவதால், நடத்துபவர் பின்னால் நடந்து திசை காட்டினால் போதும். (இந்த விசிறி முறை புதியதன்று. மொன்றியல் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1925ஆம் ஆண்டில் லொறியில் பொருத்தி உருவாக்கி, 1927இல் ஊத்ரமோன்ற் நகருக்கு விற்ற இயந்திரமும் வாரும் பாகத்தையும் வீசும் பாகத்தையும் கொண்டதுதான்.) மூன்று கட்டம் என்பது முன்திருகுகளுக்கும் விசிறிக்கும் இடையில், கட்டிகளை மேலும் நொறுக்கி விசிறிக்குள் தள்ளும் இன்னொரு திருகைச் சேர்த்தது. ஆண்டு முழுவதிலும் பியர்சன் விமான நிலையப் பகுதியில் விழும் பனி சராசரியாக 110 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கிறது என்பதால், ஸ்காபரோ வீடொன்றுக்கு மூன்று கட்ட இயந்திரம் தேவையற்ற செலவு என்பதே என் கருத்து.

உங்களுக்கு 24 அங்குல இரு கட்ட இயந்திரத்தையே பரிந்துரைக்கிறேன். 24 அங்குலம் என்பது 61 சென்ரிமீற்றர். 6 மீற்றர் அகலத்தைப் பத்துப் பன்னிரண்டு நடையில் முடித்துவிடலாம். 30 அங்குல இயந்திரம் இரண்டு மூன்று நடையை மிச்சப்படுத்தும். ஆனால், வீட்டின் பக்கவாட்டில் உள்ள ஒடுங்கிய நடைபாதையில் நுழைவதற்கும், கராஜில் காரின் அருகே நிறுத்துவதற்கும் அது இடைஞ்சலாகும். குதிரைவலுவை மறந்துவிடுங்கள், 200 கன சென்ரிமீற்றர் அளவுள்ள எஞ்சின் இந்த அகலத்துக்குப் போதுமானது. கடைக்காரரிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது வேறொன்று: கைப்பிடியின் அடியில் விசையொன்றை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் விடுபட்டு இயந்திரம் இலகுவாகத் திரும்புகிற வசதி இருக்கிறதா என்பது. இவ்வகை இயந்திரங்கள் 80 முதல் 100 கிலோ வரை எடையுள்ளவை. அவ்வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு நடையின் முடிவிலும் அந்த எடையை உங்கள் கணவர் கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். சவளைத் தவிர்த்ததன் பயனில் பாதி போய்விடும். கயிறிழுத்து ஸ்ராட் செய்யாமல் மின்சாரத்தால் ஸ்ராட் செய்யும் பொத்தானும் இருக்க வேண்டும்.

இதயம் பற்றி நீங்கள் எழுதியதை நான் இலேசாக எடுக்கவில்லை. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து, 2017இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்ததற்கு அடுத்த நாள், ஆண்கள் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 வீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 வீதமும் கூடியிருந்ததை அது காட்டியது. பெண்களிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. ஆண்களே பெரும்பாலும் சவளோடு வெளியே போகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இயந்திரம் உழைப்பைக் குறைக்குமே தவிர, குளிர்காற்றையோ படபடப்பையோ குறைக்காது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அவருடைய இதய மருத்துவரிடம் இயந்திரத்தின் பின்னால் அரை மணி நேரம் நடக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால், இயந்திரத்தை நீங்களே நடத்துங்கள். திருப்பும் வசதியுள்ள இயந்திரத்துக்கு ஆண்பிள்ளை என்ற தகுதி தேவையில்லை. அதுவும் இயலாதென்றால், பருவம் முழுவதற்குமான தொகைக்கு ஒப்பந்தக்காரரை அமர்த்துவதே முறை. வரப்பையும் அவர் அகற்றுவாரா, எத்தனை மணி நேரத்துக்குள் வருவார் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொறொன்ரோ மாநகராட்சி, வாகனம் நுழைந்து வேலை செய்யக்கூடிய குடியிருப்பு வீதிகளில் வரப்பைத் திறந்துவிடும் சேவையை நடத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது கார் வெளியேறுவதற்கு ஒரு வழியைத் திறக்குமே ஒழிய, தரை தெரியத் துடைத்துத் தராது. எந்த மணிக்கு வரும் என்பதும் நம் கையில் இல்லை.

கேள்வி: பெற்றோல் மணமும் சத்தமும் எனக்கு ஒத்துவராது. பற்றரி இயந்திரம் மைனஸ் 20 பாகையிலும் வேலை செய்யுமா? வயரில் ஓடும் மின்சார இயந்திரம் மலிவாக இருக்கிறதே, அது போதாதா? எங்களுடையது ஒரு கார் நிற்கும் ரவுன் ஹவுஸ்.
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: உங்கள் வீட்டுக்குப் பற்றரி இயந்திரம் பொருந்தும், ஆனால் அதற்குரிய ஒழுங்கு ஒன்று உண்டு. பற்றரியைக் கராஜில் வைக்கக் கூடாது, வீட்டுக்குள் வைக்க வேண்டும். லித்தியம் அயன் பற்றரி குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கும். அதைவிட முக்கியமாக, உறைநிலைக்குக் கீழே அதனை சார்ஜ் செய்வது அதன் உட்பாகத்தைப் பழுதாக்கும். வீட்டுச் சூட்டில் இருந்த பற்றரியை வேலை தொடங்கும்போது பொருத்தினால், ஓடும்போது அது தானே சூடாகிக்கொள்ளும் என்பதால் மைனஸ் 20இலும் பெரிய குறை தெரியாது. முடிந்ததும் உடனே சார்ஜில் போடாமல், சற்று நேரம் உள்ளே இருந்து அறை வெப்பநிலைக்கு வந்த பின் போடுங்கள்.

ஓடும் நேரத்தைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 56 வோல்ற், 7.5 அம்பியர் மணி என்று குறிக்கப்பட்ட இரண்டு பற்றரிகள் சேர்ந்தால் சுமார் 800 வாட் மணிச் சக்தி இருக்கும். ஈரப்பனியில் மோட்டார் 1,500 வாட் வரை இழுத்தால் அது அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உலர்பனியில் அதைவிடக் கூடுதலாக ஓடும். ஒரு கார் டிரைவ்வேக்கு இது போதும். வரப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளாமல், பற்றரி நிறைந்திருக்கும்போதே முதலில் முடித்துவிடுங்கள்.

வயர் இயந்திரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இங்குள்ள சாதாரணச் சுவர் இணைப்பு 120 வோல்ற், 15 அம்பியர். அதிலிருந்து 1,800 வாட்டுக்கு மேல் எடுக்க இயலாது. எவ்வளவு நல்ல நிறுவனம் செய்தாலும் அந்த வேலிக்குள்தான் நிற்கும். கூடவே, நீண்ட மெல்லிய வயரைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். வெளிப்பாவனைக்குரிய 14 கேஜ் வயர் வேண்டும், 30 மீற்றர் அளவில் நீளம் தேவையென்றால் 12 கேஜ் வேண்டும் (கேஜ் என்பது வயரின் தடிப்பளவு, எண் குறையத் தடிப்புக் கூடும்). மண்கசிவுப் பாதுகாப்புள்ள, அதாவது மின் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும், வெளி இணைப்பில் மட்டும் பொருத்த வேண்டும். வயரை வெட்டிவிடாமல் ஒவ்வொரு நடைக்கும் அதை நகர்த்துவதே ஒரு தனி வேலை. வீட்டு முகப்புப் படிக்கும் ஒடுங்கிய நடைபாதைக்கும் மட்டும் என்றால் வாங்கலாம்.

கேள்வி: நகருக்கு வெளியே வீடு வாங்கியிருக்கிறோம். டிரைவ்வே முழுவதும் சரளைக்கல். கராஜின் முன்னால் மட்டும் இன்ரர்லொக் கல் பதித்திருக்கிறது. ஒரே இயந்திரம் இரண்டுக்கும் ஆகுமா?
– வாசகர், அக்ஸ்பிரிட்ஜ்

பதில்: ஆகும், இரு கட்ட இயந்திரமாக இருந்தால். சரளையில் ஒற்றைக் கட்ட இயந்திரத்தை ஓடவிடவே கூடாது. தரையைத் தொடும் ரப்பர் துடுப்பு பனியோடு கல்லையும் அள்ளிக் கண்ணாடி யன்னலுக்கோ அடுத்தவர் காருக்கோ அனுப்பிவிடும். இரு கட்ட இயந்திரத்தின் இரு பக்கங்களிலும் ஸ்கிட் ஷூ எனப்படும் சறுக்குத் தகடுகள் உள்ளன. சரளைக்கு அவற்றை இறக்கிப் பூட்டினால் வாய்ப்பகுதி இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை உயர்ந்து நிற்கும். அடியில் எஞ்சும் பனியை அப்படியே விட்டுவிடுங்கள். டிசம்பரில் அது உறைந்து இறுகிவிட்டால் பிறகு அதுவே தரையாகும். இன்ரர்லொக் பகுதிக்கு, உலோகத் தகடு கீறல் போடும் என்பதால், பிளாஸ்ரிக் சறுக்குத் தகடுகளை வாங்கிப் பொருத்துங்கள். உறைபனி மண்ணைத் தூக்குவதால் சில கற்கள் மேலெழுந்து நிற்கும். அவற்றை நவம்பரிலேயே பார்த்துச் சரிசெய்யாவிட்டால் இயந்திரத்தின் விளிம்பு அவற்றில் இடித்து நிற்கும்.

கேள்வி: பழைய இயந்திரம் ஒன்று 600 டொலருக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், பிரம்டன்

பதில்: நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் ஒன்றிரண்டு இழுப்பில் பிடித்து, சோக் (குளிரில் ஸ்ராட் செய்ய உதவும் விசை) எடுத்த பிறகும் ஏறி இறங்காமல் சீராக ஓடினால், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேற்றர் நலமாக இருக்கிறது. பழுதான பழைய இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் நோய் கோடை முழுவதும் உள்ளே கிடந்து பிசினான பெற்றோல்தான், அது தீர்க்கக்கூடியது. பயப்பட வேண்டியது திருகுகளின் நடுவே உள்ள கியர் பெட்டியைப் பற்றி. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, திருகைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அதிக ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். திருகை அச்சோடு பூட்டி வைத்திருக்கும் ஷியர் பின் என்ற சிறு ஆணியைக் கழற்றினால் திருகு அச்சில் தனியாகச் சுழல வேண்டும். துருவேறி ஒட்டியிருந்தால், கல் சிக்கும்போது அந்த ஷியர் பின் உடைந்தும் பயனில்லாமல் கியர் பெட்டியே உடையும். தரையோரச் சுரண்டு தகடு தேய்ந்து, வாய்ப்பெட்டியின் உலோகமே தேயத் தொடங்கியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ரோரோ, ஏரியன்ஸ், ஹொண்டா போன்றவற்றுக்கு உதிரிப்பாகம் இலகுவாகக் கிடைக்கும். பெயர் தெரியாத இயந்திரத்துக்கு ஒரு பெல்ற் தேடுவதற்குள் மாரி முடிந்துவிடும்.

கேள்வி: ஷியர் பின் அடிக்கடி உடைகிறது. அதே அளவில் வலுவான இரும்புப் போல்ற் போட்டால் என்ன?
– வாசகர், மிசிசாகா

பதில்: போடாதீர்கள். உடைவதற்காகவே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. அடிக்கடி உடைகிறதென்றால் நீங்கள் வரப்பில் மிக வேகமாக மோதுகிறீர்கள், அல்லது மடித்த செய்தித்தாள் கட்டோ கயிற்றுக் கால்மிதியோ பனிக்கடியில் கிடக்கிறது. உங்கள் மொடலுக்குரிய பின்களை அரை டசின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இயந்திரத்தால் பனியை எங்கே எறிவது? இரு பக்கமும் அயலவர். வீதிக்கு எறிந்தால் யாருக்கும் தொல்லையில்லையே?
– வாசகி, மார்க்கம்

பதில்: வீதிக்கு எறிவது சட்டப்படி குற்றம். அனுமதியின்றி வீதியில் பனியையோ பனிக்கட்டியையோ போடக் கூடாது என்று ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு சொல்கிறது. பல நகராட்சிகளுக்குத் தனித் துணைவிதிகளும் உண்டு. எங்கே எறியப் போகிறோம் என்பதை இயந்திரம் வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒடுங்கிய காணிக்கு, பத்து மீற்றருக்கு அப்பால் வீசும் பெரிய இயந்திரம் வசதியன்று, வம்பு. எறிகுழலின் திசையையும் அதன் மூடியின் சரிவையும் நடந்துகொண்டே மாற்றக்கூடிய நெம்புகோல் உள்ளதை வாங்குங்கள். உங்கள் முன்புறப் புல்தரையில், வீட்டருகே இருக்கும் பகுதியை முதற்பனிக்கே நிரப்பிவிடாமல், தூரத்திலிருந்து தொடங்கி நிரப்புங்கள். 2025 பெப்ரவரியில் ஒரு வாரச் சுமாரில் ரொறொன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியபோது, இயந்திரம் இருந்தும் எறிய இடமில்லாமல் பலர் திண்டாடினார்கள். காற்று வீசும் திசையிலேயே எறிய வேண்டும் என்பதை முகத்தில் ஒருமுறை வாங்கிக்கொண்டால் யாரும் மறப்பதில்லை.

கேள்வி: மார்ச் மாத ஈரப்பனியில் எறிகுழல் அடைத்துக்கொள்கிறது. எஞ்சினை நிறுத்தினால் கைவிட்டு எடுக்கலாம்தானே?
– வாசகர், ஒஷாவா

பதில்: எடுக்கக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகும் பெல்ற்றிலும் அடைபட்ட விசிறியிலும் இறுக்கம் தங்கியிருக்கும். அடைப்பு விலகும் கணத்தில் விசிறி ஒரு பகுதிச் சுற்றுச் சுற்றும், விரலுக்கு அது போதும். கைவிரல்களை இழந்தவர்களில் பலர் எஞ்சினை நிறுத்தாதவர்கள். ஆனால் நிறுத்தியவர்களும் அதில் இருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி, எல்லாம் நிற்கும்வரை பொறுத்து, இயந்திரத்தோடு தரப்பட்ட பிளாஸ்ரிக் கம்பால் மட்டும் குத்தி எடுங்கள். கம்பு தொலைந்துவிட்டதென்றால் விளக்குமாற்றுப் பிடி ஆகும், கையுறை போட்ட கை ஆகாது. அடைப்பைக் குறைப்பதற்கு, தொடங்கும் முன் குழலின் உட்புறத்தில் சிலிக்கன் தெளிப்பானைப் பூசுங்கள். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, முன்னேறும் வேகத்தை மட்டும் குறையுங்கள். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. விசிறியின் வேகம் குறைந்தால் ஈரப்பனி குழலிலேயே படிந்துவிடும்.

கேள்வி: ஏப்ரலில் இயந்திரத்தை எப்படி எடுத்துவைப்பது?
– வாசகர், பிக்கரிங்

பதில்: பெற்றோலை வடித்து, எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தில் எஞ்சியதையும் திறந்துவிடுங்கள். வடிக்க மனமில்லையென்றால், எதனோல் கலவாத பெற்றோலை நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்ரெபிலைசர் ஊற்றி, அது கார்புரேற்றர் வரை செல்லும்படி பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். இந்த வேலையைக் கராஜின் கதவை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். திறந்த கதவும் போதாது, இயந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. எண்ணெயை மாற்றுங்கள், பெரும்பாலான எஞ்சின்களுக்கு 5டபிள்யூ-30 வகை பொருந்தும், கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாய்ப்பெட்டியிலும் திருகிலும் படிந்த வீதி உப்பைக் கழுவிக் காயவிட்டு, வர்ணம் உரிந்த இடங்களில் பூசிவிடுங்கள். திருகின் அச்சில் உள்ள கிறீஸ் முனைகளுக்குக் கிறீஸ் ஏற்றி, ஷியர் பின்னைக் கழற்றித் திருகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூட்டுங்கள். பழுது பார்ப்பதற்குக் கொடுக்க வேண்டியிருந்தால் மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். முதற்பனி விழுந்த வாரத்தில் எந்தத் திருத்துநரும் உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்.